சின்ன வயசிலேருந்தே

பங்குனி பிறந்துவிட்டால் திருப்போரூரிலிருந்து மானாமதி போகிற சாலையில் தர்பூசணி ஏற்றிய டெம்போக்கள்தான். ஏரிக்கு வடக்கே, மணல் கலந்த செம்மண்ணில் ஜோதிலட்சுமிக்கு இருந்த ஒன்றரை ஏக்கரிலும் அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும். விடிந்ததும் அவளும் தம்பி கலையரசனும் கொடியை மிதிக்காமல் எட்டி எட்டிக் கால் வைத்துப் போவார்கள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, காம்பில் கொஞ்சம் விட்டு அறுப்பார்கள். ஜோதிலட்சுமி காயைப் புரட்டி, தரையில் படிந்த பக்கம் மஞ்சளாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வாள். கலையரசன் தட்டுவதோடு சரி. அவன் அறுத்த காயில் ஒன்றுகூட உள்ளே வெளுத்திருந்ததாக வியாபாரி சொன்னது கிடையாது.

கலையரசனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து நிலம்தான் பேஜாராகிப் போனது. அதை வாங்கியவர்கள் பிளாட் போடுவதற்காக மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். டிப்பர் லாரி பின்பக்கத்தைத் தூக்கி மண்ணைச் சரிக்கிற சத்தம் கேட்டால் போதும், கலையரசன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவான். மண் குவியலில் மண்டிபோட்டு இரண்டு கையாலும் தோண்டுவான். யாராவது இடுப்பைப் பிடித்து இழுக்கிறவரைக்கும் நிறுத்த மாட்டான். போன வாரம் இரண்டு விரலில் நகம் பெயர்ந்துவிட்டது. டிப்பர் டிரைவர் ஜோதிலட்சுமியிடம் வந்து, "அக்கா, அவர கட்டி வையுங்க, இல்லன்னா எங்க சக்கரத்துல தான் வுழுவாரு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வடக்கே எல்லையில், பதினாறாயிரம் அடி உயரத்தில் ஒரு மேட்டைக் காத்துக்கொண்டு கலையரசனும் இன்னும் ஒன்பது பேரும் இருந்தார்கள். ஒரு தை மாதக் காலையில் பனி சரிந்து ஆறு பேரை மூடிக்கொண்டது. மிச்சம் நாலு பேரும் தோண்டினார்கள். இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். நாலு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவன் கூவத்தூர்ப் பக்கத்துத் தனகோடி, இவன்கூடவே பட்டாளத்தில் சேர்ந்தவன். யாரும் யாரையும் சுடவில்லை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு, மெடிக்கல் போர்டு கலையரசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இந்த நோய் சின்ன வயசிலேருந்தே இருந்தது, பட்டாளத்து வேலையால் வந்தது அல்ல என்று எழுதி அனுப்பியது. அதனால் பென்ஷன் கிடையாது, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வைத்தியமும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி நடை காயை டெம்போவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அனு போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தாள். ஜோதிலட்சுமியின் ஒரே மகள், பொத்தேரியில் காலேஜ் படிக்கிறாள். மாமனை இழுத்துக்கொண்டு போய் செங்கல்பட்டில் வத்சலா என்கிற வக்கீல் அம்மாவைப் பிடித்து கேஸ் போட வைத்தவள் அவள்தான்.

"மாமா! வக்கீல் மேடம் மெசேஜ் போட்டுக்கீறாங்க. ஆஸ்பத்திரி ஃபைல் காப்பி மொத்தமும் வந்துடுச்சாம். யாரு என்ன சொன்னாங்க, யாரு எழுதுனாங்க, எல்லாமே அதுல கீதாம். நாளைக்கி வரச் சொன்னாங்க."

ஜோதிலட்சுமியின் கையிலிருந்த காய் நழுவி டெம்போ விளிம்பில் பட்டுப் பிளந்தது.

ஃபைலில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலேருந்தே அவன் அப்படித்தான் என்று சொன்னது அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கலையரசன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணுவான். பேச்சு வராது, மூச்சு மட்டும் கேட்கும். குணமானால் திரும்ப மேலே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள். அவள் கணவன் எல்லப்பன் கேளம்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தான். சின்ன வயசு நோய் என்றால் விட்டுவிடுவார்களாம். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கேட்பதாகத் தமிழ்க்கார நர்சிங் அசிஸ்டண்ட் ஒருவன் போனில் வந்தான். ஜோதிலட்சுமி சொன்னாள். எங்கம்மா செத்தப்புறம் ஆறு மாசம் இவன் பேசவே இல்ல சார், தூக்கத்துல எழுந்து ஓடுவான், மண்ண தோண்டுவான், மந்திரிக்காத எடமில்ல என்றாள். அம்மா செத்தபோது அவனுக்கு எட்டு வயது. நாலு நாள் அழுதான், ஐந்தாம் நாள் பம்பரம் விட்டான். அவ்வளவுதான்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்திருந்தாள். டிவியில் எல்லையில் பதற்றம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடக்கூடாது இவனுங்கள. ஒரு அடி வுட்டா ஊருக்குள்ள வந்து குந்திக்குவானுங்க."

"நீ ஷேர் ஆட்டோ ஓட்டிகினு இத சொல்லுப்பா," என்றாள் அனு. "உனக்கு இன்னா."

"ஏன், ஆட்டோ ஓட்டறவன் பேசக்கூடாதா? பக்கத்து பிளாட்டுக்காரன் நம்ம வரப்புல ஒரு அடி தள்ளி கல்லு நட்டானே, அன்னிக்கி குதிச்சது யாரு? நீதானே?"

"நான் குதிச்சேன். சர்வேயர இட்டுகினு வந்தோம். அளந்தோம். கல்ல புடுங்கி அந்தாண்ட நட்டோம். உன்ன போயி ஆறு மாசம் வரப்பு மேல படுத்துக்கன்னு சொன்னமா?"

"அங்க சர்வேயரா வருவான்? எவனாச்சும் நின்னுகினு தான் ஆவணும்."

"சரி நிக்கட்டும். அங்க புல்லுகூட மொளைக்காதாம், தண்ணிகூட கெடையாதாம். அதுக்கு எத்தினி பேரு சாவணும்? அத மட்டும் சொல்லு."

"எடத்துல இன்னா மொளைக்குதுன்னு பாத்தா நாட்ட காக்க முடியாது அனு. இன்னிக்கி புல்லு இல்லாத எடம், நாளைக்கி புல்லு இருக்கற எடம். அவன் வந்துகினே இருப்பான்."

"சரிப்பா. நீ சொல்றதே சரின்னு வச்சிக்க. நின்னுட்டு வந்தவனுக்கு நீ இன்னா பண்ண? ஆகஸ்டு பதினஞ்சுக்கு ஸ்கூல்ல கூப்ட்டு ஒரு சால்வ போத்துனாங்க. மாமா அத இன்னா பண்ணாரு தெரியுமா? மோட்டார் கொட்டாய்ல தலகாணிக்கு வச்சிகினு கீறாரு. ஒரு மாத்திரை வாங்கறதுக்கு தாம்பரம் வரைக்கும் போயி வெளிய காசு குடுத்து வாங்கறோம். சண்டை வேணும்னு கத்தறவன் ஒருத்தனாச்சும் வந்து மாமாகூட ஒக்காந்துகினானா?"

எல்லப்பனுக்கு முகம் சிவந்தது. "நீ சொல்லு மச்சான்," என்று கலையரசன் பக்கம் திரும்பினான். "நீதான் நின்னவன். இவ பேசறது சரியா?"

கலையரசன் தலையைத் தூக்கவில்லை. "அங்க இருக்க சொல்ல இதெல்லாம் பேச மாட்டோம் மச்சான்."

"பின்ன இன்னா பேசுவீங்க?"

"தண்ணி. ஐஸ உருக்கினாத்தான் தண்ணி. இன்னிக்கி யாரு மொறன்னு பேசுவோம். சாக்ஸு காயலன்னு பேசுவோம். தனகோடி அவங்கம்மா சுட்டுத் தர வாள கருவாட்ட பத்தியே பேசுவான். கேட்டுகினே இருந்தா வாசன வரும்."

"எதுக்குடா இங்க நிக்கறோம்னு தோணாதா மாமா?"

"தோணும். கீழ எறங்கி வந்தப்புறம்தான் தோணும்." தட்டில் மிச்சம் இருந்த குழம்பை வழித்துச் சாப்பிட்டான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். "என்ன வச்சி இத பேசாதீங்க. நான் மொதல்லேருந்தே சரியில்லாதவன்னு போர்டே எழுதிடுச்சி. நல்லாக்கீறவன் எவனையாச்சும் கேளுங்க."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஜோதிலட்சுமி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அனு படிக்கப் போன பிறகு அவள் எல்லப்பனைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யோவ், நாளைக்கி அந்த ஃபைல தொறந்தா என் பேரு கீதுய்யா அதுல."

"எந்த பேரு?"

"தெரியாத மாதிரி கேக்காத. அன்னிக்கி போன்ல சொன்னேன்ல. நீதானே சொல்லச் சொன்ன."

"நானா? நான் ஸ்டாண்டுல கேட்டத சொன்னேன். நீ போயி சொல்லுன்னா சொன்னேன்? ஆறு மாசம் பேசலன்னு நானா எடுத்துக் குடுத்தேன்?" குரலை இறக்கிக்கொண்டான். "இன்னாமே இப்போ? அன்னிக்கி சொல்லலன்னா இன்னேரம் அவன் படத்துக்கு மால போட்டுகினு இருப்போம். அத நெனச்சிக்க."

"அவன் நெனப்பானா?"

எல்லப்பன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

மறுநாள் காய் அறுக்கிற நாள் என்று தம்பியைத் தங்க வைத்துவிட்டு ஜோதிலட்சுமி மட்டும் செங்கல்பட்டு பஸ் ஏறினாள். கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த தெருவில், மாடியில் வத்சலாவின் ஆபீஸ். ஐம்பது வயதுக்காரி. திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவள். ஃபைலைத் திருப்பி ஒரு பக்கத்தில் பென்சிலை வைத்தாள்.

"கேஸைக் கெடுத்தது இந்த ஒரு பக்கம்தாம்மா. மத்த டாக்டர் எல்லாரும் பனிச்சரிவுக்கு அப்புறம் வந்த நோய்னுதான் எழுதியிருக்கா. கடைசியில, 'அக்கா ஜோதிலட்சுமி போனில் சொன்னபடி'ன்னு போட்டு, எட்டு வயசுலேயே ஆரம்பம்னு இருக்கு. போர்டு இதைப் பிடிச்சிண்டுடுத்து."

ஜோதிலட்சுமி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நீங்க இப்படிச் சொன்னேளா, இல்ல போன்ல மொழிபெயர்த்தவர் தப்பா எழுதிட்டாரா?"

கேள்வியிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. ஜோதிலட்சுமி அதைப் பார்த்தாள். கீழே தெருவில் ஜூஸ் கடை மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தப்பா எழுதிட்டாங்கம்மா," என்றாள்.

"நிச்சயமா?"

"அம்மா செத்தப்போ அழுதான்னுதான் சொன்னேன். அவங்க இன்னா எழுதுனாங்களோ."

வத்சலா பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "அப்போ நம்ம வேலை சுலபம். அபிடவிட் எழுதி அனுவுக்கு அனுப்பறேன். தம்பியும் படிச்சுப் பார்க்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் ஜோதிலட்சுமி நின்றுகொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அபிடவிட் வந்தது. டெம்போ போன பிறகு மூன்று பேரும் மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அனு இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "மேற்படி நர்சிங் அசிஸ்டண்ட் விஷால் என்பவர் நான் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல், தவறாகவும் பொறுப்பில்லாமலும் பதிவு செய்துவிட்டார்."

"யாரு?" என்றான் கலையரசன்.

"விஷால்."

"விஷாலா?" அவன் எழுந்து நின்றுவிட்டான். "அவனா எழுதுனான்? இல்ல, இருக்காதுக்கா. அவன் அப்பிடி எழுதற ஆளு இல்ல."

"தெரியாம எழுதியிருப்பாங்கடா," என்றாள் ஜோதிலட்சுமி.

"உனக்கு அவன தெரியாது. தேனிக்காரன். மூணு மாசம் எனக்கு ஸ்பூன்ல ஊட்டினவன். பனியில கைவிரல் பத்தும் வெந்து போன மாதிரி இருந்துச்சி. மலம் கழிச்சா அவன்தான் கழுவி வுடுவான். மூஞ்ச சுளிச்சதே இல்ல. இன்னிக்கி வரைக்கும் பொங்கலுக்கு பொங்கலு போன் பண்றான். நானே மறந்தாலும் அவன் மறக்க மாட்டான். அவன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதா இதால?"

அனு போனைப் பார்த்தாள். "ஆவலாம் மாமா. பொறுப்பில்லாமன்னு போட்டுக்கீறாங்க. விசாரிப்பாங்க."

"அப்ப நான் அவனையே கேட்டுடறேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"வேணாம்டா."

"ஒரு வார்த்த கேட்டா இன்னாக்கா?"

"வேணாம்டா கலை. நான்தான் சொன்னேன்."

அவன் புரியாமல் பார்த்தான். சொல்ல ஆரம்பித்த பிறகு ஜோதிலட்சுமியால் நிறுத்த முடியவில்லை. போன் வந்த நாள், ஆட்டோ ஸ்டாண்டுப் பேச்சு, ஆறு மாசம் பேசலன்னு சொன்னது, மண்ணைத் தோண்டுவான்னு சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். "திரும்ப மேல அனுப்பிச்சிடுவாங்கன்னு பயந்தேன்டா. பென்ஷன் போயிடும்னு எனக்கு தெரியாது. சாமி சத்தியமா தெரியாது. வக்கீலம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன். அந்தப் பையன் ஒண்ணும் தப்பா எழுதல. நான் சொன்னத தான் எழுதியிருக்கான்."

கத்துவான், அடிக்கக்கூட அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெதுவாக உட்கார்ந்தான். வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சின்ன வயசுல எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லடா."

"தூக்கத்துல ஓடல?"

"ஓடல."

"மண்ண தோண்டல?"

"எல்லா புள்ளைங்களும் வெளையாடுற மாதிரி வெளையாடுன. அவ்ளோதான்டா. நீ நல்லாத்தான் இருந்த."

"நான் நம்பிட்டேன்க்கா," என்றான். "போர்டுல சொன்னாங்க. எட்டு வயசு ஞாபகம் யாருக்கு கீது? அக்காதான் வளத்துச்சு, அதுக்குத் தெரியாததா, அதுவே இல்லன்னு சொல்லலியேன்னு பாத்தேன். அப்பறம் ரத்தத்துலயே இருக்கும்போலன்னு நெனச்சிகினேன். மானாமதி அம்சா வூட்ல கல்யாணத்துக்கு கேட்டப்ப ஏன் வேணாம்னு சொன்னேன்னு நீ கேட்டியே."

"புடிக்கலன்னு சொன்ன."

"புடிக்காம இன்னா. பொறக்கற புள்ளைக்கும் வரும்னு சொன்னேன் அந்தப் பொண்ணுகிட்ட. அது பரவால்லன்னு சொல்லிச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்." எழுந்துகொண்டான். "தனகோடிய எடுக்க முடியலியே, அதுகூட நான் சரியில்லாததால தான், எனக்கு கை ஓடலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போனான். அனு அம்மாவைப் பார்க்காமல் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அதன் பிறகு அவன் அக்காவோடு பேசவில்லை. கோபமாகவும் நடந்துகொள்ளவில்லை. விடிந்தால் வருவான், காயைத் தட்டுவான், அறுப்பான். அவள் போட்ட சோற்றை அவள் இருக்கும்போது தொட மாட்டான், அனு கொண்டு போய்க் கொடுத்தால் சாப்பிடுவான். ஜோதிலட்சுமி சட்டியில் மீனின் நடுத்துண்டைத் தனியாக எடுத்து வைத்து அனுவிடம் கொடுத்தனுப்புவாள். தட்டு காலியாகித் திரும்பி வரும். அதில் ஆறுதல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் காலை அவள் களத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தபோது கலையரசன் வந்து போனை நீட்டினான். "விஷாலு. உங்கிட்ட பேசணுமாம்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா?" என்றது மறுபக்கம். "கலை எல்லாத்தையும் சொன்னான். நீங்க என்னைய மன்னிக்கணும்க்கா."

"நீ ஏன்ப்பா? நான்தானே..."

"இல்லக்கா. அன்னைக்கு நீங்க சொல்லச் சொல்ல எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பொய்யினு. பயத்துல பேசுற குரல் தெரியாதா? இந்த மாதிரி எழுதுனா பென்ஷன் போயிருமுனும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன மேல அனுப்பிறக் கூடாதுனு நானும் நெனச்சேன். அந்த அஞ்சு மாசம் அவன் பக்கத்துல இருந்தவன்க்கா நான். 'அக்கா, இதச் சொல்லாதீங்க, வேற வழி பாப்போம்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. எழுதிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்றப்பெல்லாம் சொல்லணும்னுதான் பண்ணுவேன். கரும்பு வாங்கினியாடானு கேட்டுட்டு வச்சிருவேன்."

அவள் அழுதாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் எரிச்சல் தாங்காமல் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவ வேண்டியிருந்தது. கலையரசன் தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

வத்சலாவிடம் போய் இரண்டாவது பொய்யையும் ஒப்புக்கொண்டாள். வத்சலா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்னையும் பொய் எழுத வச்சிருப்பேள்," என்றாள். பிறகு, "இப்போ உண்மையைச் சொன்னா, அப்போ சொன்னது பொய்யா, பென்ஷனுக்காக இப்போ சொல்றது பொய்யான்னு கேப்பா. எல்லார் முன்னாலயும் கேப்பா. தாங்குவேளா?"

"கேக்கட்டும்மா."

கேட்டார்கள். சென்னையில் தீர்ப்பாயத்துக்கு அவளுடைய அபிடவிட்டும், வேலைக்கு என்ன ஆனாலும் சரி என்று விஷால் எழுதிக் கொடுத்த கடிதமும், கலையரசன் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய வருகைப் பதிவும் போயின. அம்மா செத்த வருஷம் அவன் ஒன்பது நாள்தான் லீவு போட்டிருந்தான். இன்னொரு போர்டு வைத்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. புது போர்டில் ஒரு பெண் டாக்டர் ஜோதிலட்சுமியை உள்ளே கூப்பிட்டு, தமிழ் தெரிந்தவரை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படியானால் நீங்கள் பொய் சொன்னீர்கள்?"

"ஆமா."

"தெரிந்தே?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

கலையரசன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருக்கவில்லை.

முடிவு வர அடுத்த பங்குனியும் தாண்டிவிட்டது. பனிச்சரிவால், பணியில் இருந்தபோது ஏற்பட்ட நோய் என்று எழுதியிருந்தார்கள். எல்லப்பன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வத்சலா போனில், "உங்க தைரியத்தாலதாம்மா ஜெயிச்சோம்," என்றாள். அந்த வார்த்தை ஜோதிலட்சுமிக்கு எங்கேயோ இடறியது. அதற்கு முந்தின கிருத்திகைக்குத் திருப்போரூர் சன்னதித் தெருவில் அவள் அம்சாவைப் பார்த்திருந்தாள். இடுப்பில் குழந்தை. "உங்க தம்பி நல்லாக்கீறாராக்கா?" என்று கேட்டாள் அம்சா. "நல்லாக்கீறான்மா," என்றாள். குழந்தையின் கன்னத்தைத் தொடக் கை போனது, தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஆரம்பித்து மூன்று மாதத்தில் அவன் மண் லாரி வந்தால் ஓடுவது குறைந்தது. நிற்பான், மூச்சு வாங்கும், உட்கார்ந்துகொள்வான். அக்காவோடு தேவைக்குப் பேசினான். மருந்து தெளிக்கணும், உரம் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், "தனகோடி அம்மாவ பாக்கணும். நீ வா," என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே போனதே இல்லை.

மாமல்லபுரம் போய் பஸ் மாறினார்கள். கூவத்தூரில் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக நடக்க வேண்டும். ஆடிக் காற்றில் தோப்பு இரைந்துகொண்டிருந்தது. ஞானம்மாள் வெட்டிய சவுக்கின் மிளாறுகளை அடுப்புக்கு ஆகிற அளவில் ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து இருக்கும். யார் என்று சொன்னதும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

உட்கார வைத்து மோர் கொடுத்தாள். கலையரசன் சொன்னான். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சரிந்தது. கைக்கு அகப்பட்டதை எல்லாம் வைத்துத் தோண்டினோம். இரண்டு பேர் கிடைத்தார்கள். தனகோடி இருந்த பக்கம் இருபது அடி ஆழத்துக்குப் பனி. மறுநாள் மத்தியானம்தான் எடுத்தோம். "தூங்கற மாதிரிதாம்மா இருந்தான். நான் நிறுத்தலம்மா. அவங்க இழுத்துகினு போற வரைக்கும் நிறுத்தல."

ஜோதிலட்சுமியும் இதை முதல் தடவையாகக் கேட்டாள். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞானம்மாள் அவனுடைய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நகம் கோணலாக வளர்ந்திருந்தது. "ஒண்ணு கேக்கறேன் தம்பி. படிக்காதவ கேக்கறேன்னு நெனக்காத. எம்புள்ள நின்னானே அந்த எடம், அது இப்ப நம்மகிட்டதானே கீது?"

காற்று ஒருமுறை ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது.

"நம்மகிட்டதாம்மா கீது," என்றான் கலையரசன்.

"யாராச்சும் நிக்கறாங்களா அங்க?"

"நிக்கறாங்கம்மா. நம்ம பசங்கதான்."

"அது போதும்," என்றாள் ஞானம்மாள்.

புறப்படும்போது வாளைக் கருவாட்டைப் பேப்பரில் சுருட்டிக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கலையரசன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அங்க யாரும் இல்லக்கா."

"எங்க?"

"அந்த மேட்டுல. ரெண்டு பக்கமும் ஒக்காந்து பேசி, ரெண்டு பக்கமும் பின்னால போயிட்டாங்க. அவன் செத்த ஒம்பதாவது மாசமே. நாங்க போட்ட கொட்டாய்கூட பிரிச்சி எடுத்துட்டாங்களாம். யாரும் வரக்கூடாத எடம் இப்ப அது."

ஜோதிலட்சுமி அவனைப் பார்த்தாள்.

"அந்தம்மா மூஞ்சப் பாத்ததும் வாயில வந்துடுச்சி," என்றான். "ஒரு நாளைக்கி யாராச்சும் சொல்லி தெரிஞ்சிக்கும்ல?"

"தெரிஞ்சிக்கும்."

"அப்ப?"

"என்ன போயி கேக்கறியே," என்றாள். பிறகு சொன்னாள். "நாளாவ ஆவ சொல்ல முடியாதுடா. பக்கத்துலயே இருந்துகினு சோறு போட்டுகினு இருப்ப, ஆனா சொல்ல முடியாது. அந்தப் பொய்யால அந்தாண்ட ஒண்ணொண்ணா நடந்துகினே இருக்கும். உனக்குத் தெரியக்கூட தெரியாது."

மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். கலையரசன் எழுந்தான். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு சாலையைக் கடந்து, வந்த வழியே தோப்புக்குள் நடந்தான்.

வேணாம்டா, அந்தம்மா அதையாவது வச்சிக்கட்டும் என்று சொல்ல ஜோதிலட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவன் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் தோப்பைத் தாண்டும்போது கலையரசன் ஞானம்மாளுக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். காற்றில் அவன் பேச்சு இந்தப் பக்கம் கேட்கவில்லை. ஞானம்மாள் மிளாறு ஒடிப்பதை நிறுத்தி, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.